சாசர் காலத்துக் கதைகளில் ஆண்கள் எதனால் பெண்களுக்குக் கட்டுப்படுகிறார்கள்?

நெடுவழி:

பதினான்காம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசர் எழுதிய கேன்டர்பரி கதைகளில் பாத் ஊர்க்காரி சொல்லும் கதையைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும், ‘பெண்களுக்கு வேண்டியது கணவன்மேல் அதிகாரம்’ என்ற விடையைச் சொல்லிவிட்டு எல்லாரும் எழுந்து போய்விடுகிறார்கள். எனக்கு அந்த விடையைவிட அதற்கு அப்புறம் நடப்பதுதான் பெரிதாகப் படுகிறது. படிக்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ஆர்தர் அரசனின் வீரன் ஒருவன் ஆற்றுப் பக்கமிருந்து குதிரையில் வரும்போது தனியாக நடந்துபோகும் ஒரு பெண்ணைப் பார்க்கிறான், அவளை வல்லுறவு செய்துவிடுகிறான். ஊர் கொதிக்கிறது, வழக்கு அரசனிடம் வருகிறது, சட்டப்படி அவன் தலை போக வேண்டும். அரசியும் அவையிலுள்ள பெண்களும் விடாமல் கேட்டதால் அரசன் அவன் உயிரை அரசியின் கையில் விட்டுவிடுகிறான். ‘பெண்கள் எல்லாவற்றையும்விட அதிகமாக விரும்புவது எது என்று தெரிந்துகொண்டு வா, பன்னிரண்டு மாதமும் ஒரு நாளும் தவணை’ என்று சொல்லி அவள் அவனை அனுப்புகிறாள். அவன் ஊர் ஊராகக் கேட்டுப் பார்க்கிறான், ஆளுக்கொரு பதில் வருகிறது. தவணை முடியும் நாளில் காட்டோரத்தில் ஒரு கிழவி. ‘விடை எனக்குத் தெரியும், ஆனால் அடுத்து நான் எதைக் கேட்டாலும், உன்னால் முடிகிற காரியமாக இருந்தால், செய்வேன் என்று என் கையில் அடித்துச் சத்தியம் செய்’ என்கிறாள். செய்துவிடுகிறான். விடை அவன் உயிரைக் காப்பாற்றுகிறது. உடனே அதே அவையில், எல்லாப் பெண்களுக்கும் முன்னால், ‘என்னைக் கல்யாணம் செய்துகொள்’ என்கிறாள் கிழவி.

அப்போது அவன் சொல்வதைக் கவனியுங்கள். என் சொத்து முழுவதையும் எடுத்துக்கொள், என் உடம்பை மட்டும் விட்டுவிடு என்று கெஞ்சுகிறான். கதையின் முதல் பக்கத்தில் ஒரு பெண்ணின் உடம்பைக் கேட்காமல் எடுத்துக்கொண்டவன்! அவளும் இதைத்தான் சொல்லி அழுதிருப்பாள்.

இந்தக் கிழவியிடம் அழகு கிடையாது, பணம் கிடையாது, குலப் பெருமையும் கிடையாது, அதையே அவன் பிறகு முகத்துக்கு நேரே சொல்லிக் காட்டவும் செய்கிறான். அவளிடம் இருந்தது அவன் கொடுத்த வாக்கு ஒன்றுதான். பிரபு குலத்து ஆணுக்கு வாக்குத் தவறினால் பெயர் போய்விடும், பெயர் போனால் அவன் வீரனே இல்லை. அந்தக் காலத்து ஆங்கிலக் கதைகளில் பெண்கள் ஆண்களைப் பிடிக்கும் இடம் பெரும்பாலும் இதுதான் என்று நினைக்கிறேன். மயக்கம், மந்திரம், அழகு எல்லாம் ஆளை அருகே கொண்டுவருவதற்கு. பிடித்து வைப்பது அவன் வாயிலிருந்து வந்த சொல். உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது?

அல்லிவாசகி:

நல்ல வாசிப்பு, ஆனால் இரண்டு இடத்தில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

முதலாவது, அரசியின் அதிகாரம் அரசன் கொடுத்த இரவல். அவன் ‘முடியாது’ என்றிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அரசனின் கோபத்தை அரசி காலில் விழுந்து தணிப்பது அக்காலத்தில் ஏற்கெனவே வழக்கத்தில் இருந்த ஒரு சடங்கு மாதிரியான விஷயம். 1347இல் பிரான்ஸின் கலே நகரம் சரணடைந்தபோது இங்கிலாந்து அரசன் மூன்றாம் எட்வர்ட் ஆறு நகரத்தார்களைக் கொல்லச் சொன்னதும், கர்ப்பிணியாக இருந்த ராணி பிலிப்பா மண்டியிட்டுக் கேட்டு அவர்களைக் காப்பாற்றியதும் ஃப்ருவாசார் எழுதிய சரித்திரத்தில் பெரிய காட்சி. நடந்தது அப்படியேதானா என்பது வேறு கேள்வி, அந்தக் காட்சியை எல்லாரும் விரும்பிப் படித்தார்கள் என்பதுதான் இங்கே முக்கியம். அரசனுக்கும் அது வசதி, இறங்கி வந்த மாதிரியும் இருக்கும், பெயர் கெட்டுப் போகாமலும் இருக்கும். இதைப் பெண்ணின் அதிகாரம் என்று முழு மனதோடு சொல்ல எனக்கு வரவில்லை.

இரண்டாவது இன்னும் உறுத்துவது. ஆற்றோரம் நடந்துபோன அந்தப் பெண் என்ன ஆனாள்? பெயரும் இல்லை, ஒரு வார்த்தை பேசவும் இல்லை, சுமார் 400 வரிக் கதையில் ஒருசில வரியோடு காணாமல் போகிறாள். அவளுக்குத் தீங்கு செய்தவனுக்குக் கடைசியில் அழகான, விசுவாசமான, எல்லாவற்றிலும் அவனுக்குப் பணிந்து நடக்கும் மனைவி கிடைக்கிறாள். கல்யாணத்துக்கு அப்புறம், கிழவியாக விசுவாசமாய் இருக்கவா, அழகியாக மாறவா என்று அவள் கேட்டபோது ‘நீயே முடிவு செய்’ என்று ஒரு முறை சொன்னதற்கு இவ்வளவு பெரிய பரிசா? அதிகாரத்தைக் கையில் வாங்கியவள் உடனே அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள் என்றுதான் அந்தக் கடைசி வரிகளை நான் படிக்கிறேன்.

ஏட்டுச்சுவடி:

அல்லி சொன்ன இரண்டாவது விஷயத்தில் ஒன்று சேர்க்க வேண்டும். இதே கதையை சாசரின் நண்பர் ஜான் கவர் தன் நீண்ட கவிதையில், ஏறக்குறைய அதே காலத்தில், புளோரென்ட் என்ற வீரனின் கதையாகச் சொன்னார். அதில் வல்லுறவு கிடையாது. புளோரென்ட் சண்டையில் ஒருவனைக் கொன்றுவிடுகிறான், செத்தவனின் பாட்டி தந்திரமாக இந்தக் கேள்வியைப் போடுகிறாள். பின்னால் எழுதப்பட்ட ராக்னெல் சீமாட்டி கதையிலும் அந்தக் குற்றம் இல்லை, அங்கே ஆர்தரின் உயிருக்காக அவன் வீரன் கவெய்ன் தானே முன்வந்து அவளை மணக்கிறான். ஆக அந்தக் குற்றத்தைக் கதையின் வாசலில் கொண்டுவந்து வைத்திருப்பது சாசர் தான், அதுவும் அந்தக் கதையை ஒரு பெண்ணின் வாயில் கொடுத்து. தற்செயலாக வந்திருக்க வழியில்லை.

கரிசல்:

சாசர் மேலேயே அந்தக் குற்றச்சாட்டு இருந்ததாகச் சொல்வார்களே? செசிலி என்ற பெண்?

ஏட்டுச்சுவடி:

ஆமாம், செசிலி ஷாம்பெய்ன். 1380ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றில் அவர் சாசரை ஒரு குற்றச்சாட்டின் எல்லாப் பொறுப்பிலிருந்தும் விடுவிக்கிறார், அதிலுள்ள லத்தீன் சொல்லுக்கு வல்லுறவு, கடத்தல் என இரு பொருளும் உண்டு. நூறு ஆண்டுக்கு மேல் இதைப் பற்றிச் சண்டை நடந்தது. 2022இல் வெளியான புதிய ஆவணங்கள்படி செசிலியும் சாசரும் ஒரே வழக்கில் ஒரே பக்கம் நின்றவர்கள். தன்னிடம் வேலை செய்துகொண்டிருந்த செசிலி அதை விட்டுவிட்டு சாசரிடம் போய்விட்டதாக அவருடைய முந்தைய முதலாளி தொழிலாளர் சட்டத்தின்கீழ் இருவர்மேலும் வழக்குப் போட்டிருக்கிறார். கொள்ளைநோய்க்குப் பின் ஆள் பஞ்சம் வந்ததால் பிறந்த சட்டம் அது. இதை வைத்துக்கொண்டு கதையைப் படிக்காமல் இருப்பதே நல்லது என்பது என் எண்ணம். கதையிலேயே வேண்டியது இருக்கிறது.

சரி, நெடுவழியின் வாதத்துக்கு வருகிறேன். ‘சர் கவெய்னும் பச்சை வீரனும்’ அதற்கு நல்ல சாட்சி, ஆனால் ஒரு சிக்கலோடு. பச்சை வீரன் கையால் கோடரி வெட்டு வாங்குவதாகக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றப் போகும் வழியில் ஒரு கோட்டையில் விருந்தாளியாகத் தங்கும் கவெய்ன் அந்த வீட்டுக்காரரோடு ஒப்பந்தம் போடுகிறான். பகலில் அவர் வேட்டையில் பிடிப்பதை இவனுக்குக் கொடுப்பார், இவன் கோட்டைக்குள் பெறுவதை அவருக்குக் கொடுக்க வேண்டும். அவர் வெளியே மான், காட்டுப்பன்றி, நரி என்று மூன்று நாள் துரத்துகிறார். உள்ளே அவர் மனைவி விடியற்காலையில் கவெய்ன் படுத்திருக்கும் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்துவிடுகிறாள். அவன் ஆடைகூட அணியாமல் போர்வைக்குள் இருக்கிறான், எழுந்து போக முடியாது. சண்டையில் யாருக்கும் பின்வாங்காதவன் இங்கே தூங்குவது போல் பாவனை செய்கிறான். அவளை விரட்டினால் மரியாதை கெட்டவன் ஆவான், இணங்கினால் வீட்டுக்காரருக்குத் துரோகி ஆவான். அவள் பேசுவதெல்லாம் அவன் புகழைப் பற்றித்தான். ‘நீங்கள் கவெய்ன் என்றால் ஒரு முத்தம்கூடக் கேட்காமல் விடை கொடுப்பீர்களா’ என்கிறாள். அவன் பெயரையே அவன்மேல் ஏவுகிறாள். நெடுவழி சொல்லும் பிடி இதுவேதான், வாக்குக்குப் பதில் புகழ்.

அடுத்த நாள் உரையாடலில் ஒரு இருட்டான வரி உண்டு. ‘உங்களுக்குப் பலம் இருக்கிறது, வேண்டுமானால் வலுக்கட்டாயமாகவே எடுத்துக்கொள்ளலாம்’ என்ற மாதிரி அவள் சொல்கிறாள். என் ஊரில் அப்படிப்பட்ட பலவந்தம் மதிக்கப்படுவதில்லை என்று பதில் சொல்லி கவெய்ன் நகர்ந்துவிடுகிறான். பாத் ஊர்க்காரியின் வீரனையும் இவனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

மூன்றாம் நாள் அவள் தன் பச்சை இடைக்கச்சையைக் கொடுக்கிறாள், இதைக் கட்டியிருப்பவனை யாராலும் கொல்ல முடியாது என்று. அவன் வாங்கிக்கொள்கிறான், ஒளித்து வைக்கிறான், ஒப்பந்தப்படி கொடுக்காமல் விடுகிறான். அவன் கழுத்தில் விழும் சின்ன வெட்டு அதற்குத்தான். சிக்கல் எங்கே என்றால், இதெல்லாம் என் ஏற்பாடு, நான்தான் அவளை அனுப்பினேன் என்று பச்சை வீரனாக நின்ற அந்தக் கணவனே கடைசியில் சொல்கிறான். அவனுக்குப் பின்னால் யார் என்று பார்த்தால் மந்திரக்காரி மோர்கன் லெ ஃபே, கோட்டையில் எப்போதும் மரியாதையான இடத்தில் உட்கார்ந்திருந்த அந்த முதியவள். ஆர்தரின் மனைவி குவினவீர் ராணியை நடுங்கிச் சாகவைக்க அவள் போட்ட திட்டம். பெண்ணுக்குப் பின்னால் ஆண், ஆணுக்குப் பின்னால் இன்னொரு பெண். யாருடைய அதிகாரம் இது?

மழைக்காகம்:

கவெய்ன் உடனே ஆதாம், சாலமன், சிம்சோன், தாவீது என்று பட்டியல் போட்டு ‘எல்லாரையும் பெண்கள்தான் ஏமாற்றினார்கள்’ என்று ஆரம்பிப்பான் பாருங்கள், அங்கே எனக்கு அவன்மேல் இருந்த மதிப்பு இறங்கிவிட்டது. கச்சையை உயிராசையால்தான் ஒளித்தேன் என்று ஒத்துக்கொண்ட வாயால் அடுத்த நிமிடம் ஏவாளை இழுக்கிறான். கச்சையைக் கட்டிக்கொண்டது அவன் கை.

கரிசல்:

வாக்கு, புகழ் எல்லாம் வீரர்களுக்குச் சரி. ஊரில் கடை வைத்துப் பிழைக்கிறவனை எதை வைத்துப் பிடிப்பது? எனக்கு என்னவோ எல்லாம் சொத்தில் வந்து நிற்கிறது. கதையை விடுங்கள், கதைக்கு முன்னால் பாத் ஊர்க்காரி ஆலிசன் தன் வாழ்க்கையைச் சொல்லும் முன்னுரை கதையைப் போல இரண்டு மடங்கு நீளம், அதைப் பாருங்கள்.

பன்னிரண்டு வயதில் முதல் கல்யாணம். மொத்தம் ஐந்து கணவர்கள். முதல் மூவரும் கிழவர்கள், பணக்காரர்கள். அவர்கள் தங்கள் நிலத்தையும் செல்வத்தையும் எனக்குக் கொடுத்துவிட்டார்கள், அதற்கப்புறம் அவர்களைச் சந்தோஷப்படுத்த நான் ஏன் மெனக்கெட வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்கிறாள். படுக்கையில்கூட, கொடுக்க வேண்டியதைக் கொடுத்தால்தான் பக்கத்தில் விடுவேன் என்று கறாராக நின்றதைச் சொல்கிறாள். ஐந்தாவது ஜேங்கின், ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவன், அவனுக்கு இருபது வயது, இவளுக்கு நாற்பது. இவனை ஆசைப்பட்டுக் கட்டிக்கொள்கிறாள், அதுவரை சேர்த்த நிலம் சொத்து எல்லாவற்றையும் அவன் பெயருக்குக் கொடுத்துவிடுகிறாள். அன்றோடு பிடி போயிற்று. அவன் தினமும் ராத்திரி கெட்ட மனைவிகளைப் பற்றிய ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு உரக்கப் படிக்கிறான், திருச்சபை அறிஞர் ஜெரோம் முதல் எல்லாரும் பெண்களைத் திட்டியதன் தொகுப்பு. ஒருநாள் பொறுக்காமல் புத்தகத்திலிருந்து பக்கங்களைக் கிழித்து, கன்னத்தில் ஒரு குத்துவிட்டு அவனை அடுப்புப் பக்கம் விழவைக்கிறாள். அவன் எழுந்து தலையில் அடித்த அடியில் அவளுக்கு ஒரு காது கேட்காமல் போகிறது. செத்துவிட்டாள் என்று அவன் பயந்துபோகிறான். ‘என் நிலத்துக்காகவா கொன்றாய்’ என்கிறாள். அதற்கப்புறம்தான் அவன் வீடு, நிலம், தன் நாக்கு, தன் கை எல்லாவற்றின் மேலும் இருந்த அதிகாரத்தை அவளிடம் ஒப்படைக்கிறான், அந்தப் புத்தகத்தை அவள் எரிக்க வைக்கிறாள்.

அன்றைய ஆங்கிலச் சட்டப்படி கல்யாணமான பெண்ணின் பணம், பண்டம் எல்லாம் கணவனுக்கு, அவள் கொண்டுவந்த நிலத்தையும் உயிரோடு இருக்கும்வரை அவன்தான் நிர்வகிப்பான். விதவைக்கோ கணவன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு உண்டு, தன் பெயரில் வாங்கலாம், விற்கலாம், வழக்குப் போடலாம். நெசவு செய்து சொந்தமாகச் சம்பாதித்த, நான்கு முறை விதவையான ஆலிசனுக்கு இது நன்றாகத் தெரியும். அவள் பலமாக இருந்ததெல்லாம் சொத்து கையில் இருந்தபோது. ஒரு காதைக் கொடுத்துத்தான் அதைத் திரும்ப வாங்கினாள். இதில் வாக்கு எங்கே வந்தது?

நெடுவழி:

கரிசல், சொத்து பற்றி நீங்கள் சொல்வதில் எனக்குப் பெரிய மறுப்பில்லை. ஆனால் முன்னுரையிலேயே அவள் முதலில் எடுக்கும் ஆயுதம் வேதாகமம். புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதியதில் மனைவியின் உடம்புமேல் கணவனுக்கும் கணவனின் உடம்புமேல் மனைவிக்கும் அதிகாரம் என்று இரண்டையும் சொல்கிறார். திருமணத்தில் இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு உடம்புக் கடன் உண்டு என்று திருச்சபைச் சட்டமும் அதைத்தான் பிடித்துக்கொண்டது. ஆலிசன் அதில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, உயிர் உள்ளவரை அவன் உடம்பின்மேல் அதிகாரம் எனக்குத்தான், அவனுக்கு இல்லை என்கிறாள். இத்தனை நூற்றாண்டாக ஆண் போதகர்கள் மற்றப் பாதியை மட்டும் எடுத்துப் பேசியபோது யாரும் கேட்கவில்லையே. சிங்கத்தின் படத்தை வரைந்தது யார், சொல்லுங்கள் என்று அவள் கேட்கும் இடம் எனக்கு மொத்த நூலிலும் மிகப் பிடித்த இடம். பெண்கள் கதை எழுதியிருந்தால் ஆண்களின் கொடுமை இன்னும் அதிகமாக எழுதப்பட்டிருக்கும் என்கிறாள்.

உங்கள் சொத்தும் என் வாக்கும் ஒரே இடத்தில் வரும் ஒரு நிஜ நிகழ்ச்சி இருக்கிறது. மார்ஜரி கெம்ப், லின் நகரத்துக்காரர், அவர் அப்பா அந்த ஊர் மேயராகப் பலமுறை இருந்தவர். பதினான்கு பிள்ளை பெற்றவர், மதுபானம் காய்ச்சும் தொழில் செய்து நொடித்து, மாவு அரைக்கும் குதிரை ஆலை வைத்து அதிலும் நொடித்தவர். தன் வாழ்க்கையைச் சொல்லி எழுத வைத்தார். அதன் கையெழுத்துப் பிரதி 1934இல் ஒரு குடும்பத்தின் வீட்டில் கிடைத்தது. கடவுளுக்காகக் கணவனோடு சேராமல் வாழ வேண்டும் என்பது அவர் ஆசை, ஆனால் உடம்புக் கடனைக் கணவன் தானாக விட்டால்தான் அது முடியும்.

1413ஆம் ஆண்டாக இருக்கும் என்று கணக்குப் போடுகிறார்கள், கோடைத் திருவிழாவுக்கு முந்திய வெள்ளிக்கிழமை, கொளுத்தும் வெயில், இருவரும் யார்க் பக்கமிருந்து நடந்து வருகிறார்கள். இவர் கையில் பீர் புட்டி, கணவர் ஜான் மடியில் ஒரு கேக். ஜான் கேட்கிறார், ஒருவன் வாளோடு வந்து நீ என்னோடு சேராவிட்டால் என் தலையை வெட்டுவேன் என்றால் என்ன செய்வாய்? நிஜமாகச் சொல் என்கிறார். நீங்கள் வெட்டப்படுவதைத்தான் பார்த்திருப்பேன் என்று நிஜமாகவே சொல்லிவிடுகிறார் மார்ஜரி. நீ நல்ல மனைவி இல்லை என்கிறார் அவர். அப்புறம் மூன்று நிபந்தனை போடுகிறார்: ஒரே கட்டிலில் படுக்க வேண்டும், ஜெருசலேம் போவதற்கு முன் என் கடனை அடைக்க வேண்டும், வெள்ளிக்கிழமை விரதத்தை விட்டு என்னோடு சாப்பிட வேண்டும். மார்ஜரி வயலில் ஒரு சிலுவைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு அழுது வேண்டுகிறார், விரதத்தை விட்டுவிடு என்று இயேசுவே சொன்னதாக எழுந்து வருகிறார். கடனை அடைக்கிறேன், வெள்ளிக்கிழமை சாப்பிடுகிறேன், என் படுக்கைக்கு வராதீர்கள், உடம்புக் கடனை இனிக் கேட்க மாட்டேன் என்று சொல்லுங்கள். ஜான் சம்மதிக்கிறார். இருவரும் சிலுவைக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

பணம் கொடுத்துக் கணவனிடமிருந்து ஒரு வாக்கை வாங்கினார். அந்த வாக்கை வைத்துக்கொண்டு ஜெருசலேம் வரை போய் வந்தார்.

அல்லிவாசகி:

அந்தப் பகுதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஜான்மேல் கொஞ்சம் இரக்கம் வரும். கடைசிக் காலத்தில் அவர் மாடிப்படியில் விழுந்து மண்டை உடைந்து, புத்தி தடுமாறிக் குழந்தை மாதிரி ஆனபோது வருடக்கணக்கில் அசிங்கத்தைத் துடைத்துப் பார்த்துக்கொண்டதும் இதே மார்ஜரிதான். அதையும் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

மழைக்காகம்:

எல்லாரும் ஆண் கொடுத்த வாக்கைப் பற்றியே பேசுகிறீர்கள். பெண் வாக்குக் கொடுத்தால்? அங்கே கதை தலைகீழ்.

கேன்டர்பரி கதைகளிலேயே வரும் கிரிசெல்டாவை எடுங்கள். ஏழைக் குடியானவன் மகள். பிரபு வால்டர் கல்யாணத்துக்கு முன்னாலேயே வாக்கு வாங்கிவிடுகிறான், நான் சொல்வதை எதிலும் மீற மாட்டாய், முகத்தைக்கூடச் சுளிக்க மாட்டாய் என்று. அப்புறம் சோதனை என்ற பெயரில் மகளைப் பறிக்கிறான், மகனைப் பறிக்கிறான், இரண்டும் செத்ததாக அவளை நம்ப வைக்கிறான், கடைசியில் அவளையே உள்ளாடையோடு அப்பன் வீட்டுக்கு அனுப்புகிறான், புது மணப்பெண்ணுக்கு வீடு தயார்செய்யத் திரும்பவும் கூப்பிடுகிறான். எல்லாவற்றையும் அவள் பொறுத்தது கொடுத்த சொல்லுக்காக. கதையைச் சொல்லும் மாணவனே, மனைவிகள் இவளைப் போல இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அது தாங்கக்கூடியதும் இல்லை, கடவுள் தரும் துன்பத்தை மனிதர்கள் பொறுக்க வேண்டும் என்பதற்காகச் சொன்னேன் என்று முடிவில் விளக்கம் கொடுக்க வேண்டி வருகிறது. அந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. இரண்டு பிள்ளைகளைப் பிடுங்கியவனைக் கடவுளின் இடத்தில் எப்படி உட்காரவைப்பது?

அதே நூலில் டாரிஜன் இன்னொருத்தி. பிரிட்டனி கடற்கரை, கணவன் ஆர்வெரகஸ் வெளிநாடு போயிருக்கிறான், அவன் வரும் கப்பல் கரையோரப் பாறைகளில் மோதிவிடுமோ என்று நாளெல்லாம் அந்தப் பாறைகளையே பார்த்துப் பயப்படுகிறாள். ஆரேலியஸ் என்ற இளைஞன் காதல் சொல்லி வருகிறான். முடியவே முடியாது என்று சொல்லிவிட்டு, அப்புறம் விளையாட்டாக, இந்தப் பாறைகளையெல்லாம் ஒன்றுவிடாமல் எடுத்துவிடு, உன்னைக் காதலிக்கிறேன் என்கிறாள். ஆர்லியன்ஸிலிருந்து ஒரு வித்தைக்காரனை ஆயிரம் பவுண்டு பணம் பேசிக் கூட்டிவந்து பாறைகள் மறைந்த மாதிரி காட்டவைக்கிறான் அவன். கணவன் வந்து விஷயம் கேட்டு, வாக்குத்தான் மனிதன் காப்பாற்ற வேண்டியதிலேயே உயர்ந்தது, போ என்று அனுப்பிவிட்டு அழுகிறான். அடுத்த மூச்சில், இதை யாரிடமாவது சொன்னால் உயிர் போகும் என்று மிரட்டுகிறான். கல்யாணத்தின்போது, உன்மேல் ஒருநாளும் ஆதிக்கம் காட்ட மாட்டேன், ஊருக்கு முன்னால் என் அந்தஸ்துக்காகக் கணவன் என்ற பெயர் மட்டும் போதும் என்று சொன்னவன்தான் இவன்!

அவளைப் பார்த்து ஆரேலியஸ் மனம் மாறித் திருப்பி அனுப்புகிறான், வித்தைக்காரனும் கடனை விடுகிறான், யார் அதிகப் பெருந்தன்மை உள்ளவர் என்று கேட்டுக் கதை முடிகிறது. போட்டியில் மூன்று ஆண்கள். நடுத்தெருவில் பைத்தியம் பிடித்தவள் போல ‘என் கணவர் சொன்னபடி என் வாக்கைக் காப்பாற்றப் போகிறேன், ஐயோ’ என்று சொன்னவள் அந்தக் கணக்கிலேயே இல்லை.

நெடுவழி சொல்லும் பிடி இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதே கயிறு பெண்ணின் கழுத்தில் விழும்போது இன்னும் இறுக்கமாக விழுகிறது.

ஏட்டுச்சுவடி:

அருமை. இதற்கு லான்ஃபல் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள், தாமஸ் செஸ்டர் எழுதியது. வறுமையில் விழுந்த வீரன் லான்ஃபலுக்கு ட்ரையமூர் என்ற தேவகன்னி குறையாத பணப்பையும் குதிரையும் தருகிறாள், என்னைப் பற்றி எங்கும் பெருமை பேசக்கூடாது என்பது ஒரே நிபந்தனை. குவினவீர் ராணி அவனை விரும்பி அழைத்து, அவன் மறுத்ததும் பழிக்க, அவன் வாய்விட்டு விடுகிறான், என் காதலியின் பணிப்பெண்கூட உன்னைவிட அழகு என்று. பணம் போயிற்று, குதிரை போயிற்று, உயிருக்கு வழக்கு. என்னைவிட அழகியை அவன் கொண்டுவந்தால் என் கண்ணைப் பிடுங்குங்கள் என்று ராணியும் எல்லார் முன்னாலும் சொல்லிவைக்கிறாள். ட்ரையமூர் வருகிறாள், அவன் வழக்கிலிருந்து தப்புகிறான், அவள் ஊதிய ஒரு மூச்சில் ராணியின் கண் போகிறது. லான்ஃபல் வாக்கை மீறியதற்கு மன்னிப்பு உண்டு. ராணி சொன்ன சொல்லுக்கு இல்லை. இருவரும் வாய் தவறியவர்கள்தான்.

கரிசல்:

ஆர்தரின் மந்திரவாதி மெர்லினை மறந்துவிட்டீர்கள். ஆர்தர் கதைகளை மாலரி எழுதி 1485இல் காக்ஸ்டன் அச்சிட்டதில் பாருங்கள். கிழட்டு மெர்லின் நிமுவே என்ற பெண்ணை விடாமல் பின்தொடர்கிறார். என்மேல் எந்த மந்திரமும் பிரயோகிக்க மாட்டேன் என்று முதலில் சத்தியம் வாங்கிவிடுகிறாள். அவரிடமிருந்து வித்தையெல்லாம் கற்றுக்கொள்கிறாள். அவர் எப்போதும் அவள் கன்னித்தன்மையைக் கெடுக்கவே பார்த்துக்கொண்டிருந்தார், அவள் சலித்துப்போனாள், பயந்தும் போனாள் என்று மாலரி தெளிவாக எழுதுகிறார். கடைசியில் கார்ன்வாலில் ஒரு அதிசயப் பாறையைக் காட்ட அவர் கீழே இறங்க, அதற்குள் அவரை வைத்து மூடிவிட்டுப் போய்விடுகிறாள்.

இவளைச் சூழ்ச்சிக்காரி என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் கோபம் வருகிறது. அதே நூலில் மோர்கன் ஆர்தரைக் கொல்ல ஆள் ஏவும்போதும், தொட்டால் எரிந்து சாம்பலாகும் மேலங்கியைப் பரிசாக அனுப்பும்போதும் ஆர்தரைக் காப்பாற்றுவது மெர்லின் இல்லை, அவரிடம் கற்ற இவள்தான். பணமும் இல்லை, நிலமும் இல்லை, ஒரு சத்தியம்தான். இந்த ஒன்றை நெடுவழியின் கணக்கில் வைத்துக்கொள்ளலாம்.

அல்லிவாசகி:

நெடுவழிக்கும் மழைக்காகத்துக்கும் நடுவில் நிற்கும் ஒரு பெண்ணைச் சொல்கிறேன், இவளும் கதாபாத்திரம் இல்லை. இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் வாழ்ந்த பாஸ்டன் குடும்பத்து மகள், இவள் பெயரும் மார்ஜரி. பாஸ்டன் குடும்பக் கடிதங்கள் நூற்றுக்கணக்கில் தப்பிப் பிழைத்திருப்பதால் நமக்கு இவளைத் தெரியும். நிலக்காரக் குடும்பம், அந்தஸ்து பற்றி ஓயாத கவலை. இவள் வீட்டுக் கணக்குப்பிள்ளையாக இருந்த ரிச்சர்ட் கால் என்பவனோடு ரகசியமாகத் திருமண வாக்குப் பரிமாறிக்கொண்டாள். திருச்சபைச் சட்டப்படி ஒரு ஆணும் பெண்ணும் ‘உன்னை ஏற்றுக்கொள்கிறேன்’ என்று ஒருவருக்கொருவர் நிகழ்காலத்தில் சொல்லிவிட்டால் அது திருமணம், பாதிரியாரோ சாட்சியோ அப்பா அம்மா சம்மதமோ இல்லாவிட்டாலும் செல்லும். குடும்பம் கொதித்தது. என் தங்கை ஃப்ராம்லிங்ஹமில் மெழுகுவத்தியும் கடுகும் விற்கவா என்று அண்ணன் கடிதம் எழுதினான்.

1469இல் நார்விச் ஆயர் அவளை அழைத்து, குடும்பம், உறவு, நண்பர்கள் எல்லாரையும் இழப்பாய் என்று எச்சரித்துவிட்டு, நீ சொன்ன வார்த்தை என்ன, அது திருமணம் ஆகுமா என்று பார்க்கிறேன் என்றார். அவள் சொன்ன வார்த்தைகளை அப்படியே சொன்னாள். இந்த வார்த்தைகள் போதாது என்றால் இங்கிருந்து போவதற்கு முன்னால் இன்னும் உறுதியாக்கிவிடுகிறேன், எந்த வார்த்தையாக இருந்தாலும் என் மனச்சாட்சிப்படி நான் கட்டுப்பட்டவள் என்றாள். இதை நமக்குச் சொல்வது அவள் அம்மா மார்கரெட் எழுதிய கடிதம், அவருக்கு அந்தப் பதில் பிடிக்கவே இல்லை. ஆயர், அண்ணன்மார், நார்ஃபோக்கின் பெரிய மனிதர்கள் யாராலும் அதை உடைக்க முடியவில்லை. கிரிசெல்டாவைக் கட்டிய அதே கயிறுதான், இவள் அதைத் தானே எடுத்துத் தானே கட்டிக்கொண்டாள்.

மழைக்காகம்:

இவளுக்காக ஒரு தனி இழையே தொடங்கலாம். ஆனால் அல்லி, அந்த அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டாமா? கணவர் லண்டனில் வழக்கோடு அலைய, ஊரில் நிலத்தையும் ஆட்களையும் நடத்தியவர் மார்கரெட். 1448இல் கணவருக்கு எழுதிய கடிதத்தில் குறுக்குவில்லும் அம்பும் வாங்கி அனுப்பச் சொல்கிறார், வீடு தாழ்வாக இருப்பதால் நீளவில்லை வைத்து எய்ய முடியாதாம். அதே கடிதத்தில் ஒரு பவுண்டு பாதாம், ஒரு பவுண்டு சர்க்கரை, பிள்ளைகளுக்குத் துணி. கதைகளில் வரும் எந்த ராணியைவிடவும் இவர் கையில் நிஜ அதிகாரம் இருந்தது, ஆண்கள் இவர் சொல்லுக்கு வேலை செய்தார்கள். அதே அதிகாரத்தை வைத்து மகளுக்குக் கதவைச் சாத்தினார். வீட்டுக்குள் விடக்கூடாது என்று வேலையாட்களுக்குச் சொல்லி அனுப்பினார், நாம் இழந்தது ஒரு உதவாக்கரையைத்தான் என்று மகனுக்கு எழுதினார். ஆயர்தான் வேறு இடம் பார்த்துக் கொடுக்க வேண்டியதாயிற்று.

அல்லிவாசகி:

தெரியும், அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு மார்கரெட்மேல் எனக்கு வெகுநாள் கோபம் இருந்தது, இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆனால் ரிச்சர்டைக் குடும்பம் பிறகு மறுபடியும் வேலையில் வைத்துக்கொண்டது, அவனைப் போலக் கணக்குப் பார்க்க ஆள் கிடைக்கவில்லை. மார்கரெட் 1482இல் எழுதிய உயிலில் மகளின் மகன் ஜான் கால் என்பவனுக்கு இருபது பவுண்டு பணம் எழுதி வைத்தார்.